டர்பன்ல ஜிம்னி வாங்கி சானி பாஸ் ஏறுற வரைக்கும்: புதுசா வந்தவங்களுக்கு

நான் வேலைக்காக டர்பன் வந்தது 2022 ஆரம்பத்துல. வந்த கொஞ்ச நாள்லயே டிராக்கன்ஸ்பர்க் மலைப்பக்கம் போறதுக்கு ஒரு நல்ல ஃபோர் பை ஃபோர் வேணும்னு தோணி, பழைய மூணு கதவு சுசுகி ஜிம்னி ஒண்ணு வாங்கினேன், அப்புறம் பொண்ணு பொறந்ததும் அத வித்துட்டு 2024ல புது அஞ்சு கதவு ஜிம்னி லோன்ல எடுத்தேன். ரெண்டு தடவையும் வண்டியால எனக்கு ஒரு தொல்லையும் இல்ல, பேப்பராலதான் அலைச்சல். எத முதல்ல பண்ணணும் எத அடுத்து பண்ணணும்னு யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா எனக்கு நாலு மாசமும் ஆயிரக்கணக்குல ராண்டும் மிச்சமாயிருக்கும். வாட்ஸாப்ல அடிக்கடி நம்ம ஆளுங்க இதையே கேக்குறாங்க, அதான் வண்டி வாங்குறதுலேர்ந்து, லெசோத்தோ நாட்டுக்குள்ள ஏறுற சானி பாஸ் மலைப்பாதை வரைக்கும் மொத்தமா எழுதி வெச்சிடலாம்னு.

டர்பன் இருக்கிற குவாசுலு-நட்டால் மாகாணத்துல இருக்கிறவங்கள மனசுல வெச்சு எழுதியிருக்கேன். ஜோபர்க், கேப்டவுன்ல இருந்தாலும் பேப்பர் வேலை பெரும்பாலும் இதேதான்.

1. வண்டி பாக்குறதுக்கு முன்னாடி டிஆர்என் வாங்குங்க

இது தெரியாமத்தான் நான் மாட்டினேன். தென்னாப்பிரிக்கா ஐடி நம்பர் இல்லாத யாரும் தன் பேர்ல வண்டி ரெஜிஸ்டர் பண்ணணும்னா டிராஃபிக் ரெஜிஸ்டர் நம்பர் வேணும், இங்க எல்லாரும் டிஆர்என்னு சொல்வாங்க. பாஸ்போர்ட் நம்பர வெச்சு வண்டி பேர் மாத்த முடியாது.

ஏஎன்ஆர்ங்கற ஃபார்ம் நிரப்பணும். பாஸ்போர்ட் ஒரிஜினல், காப்பி, வீசா பக்கத்தோட காப்பி, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அட்ரஸ் ப்ரூஃப் எல்லாம் எடுத்துட்டு போங்க. எல்லா லைசென்சிங் ஆபீஸ்லயும் இத எடுத்துக்க மாட்டாங்க, கிளம்புறதுக்கு முன்னாடி போன் போட்டு "டிஆர்என் அப்ளிகேஷன் இங்க வாங்குறீங்களா, அப்பாய்ன்ட்மென்ட் வேணுமா"ன்னு கேட்டுட்டு போங்க.

மாட்டுற இடம் அட்ரஸ் ப்ரூஃப்தான். மூணு மாசத்துக்குள்ள தேதி போட்டதா இருக்கணும், உங்க பேர் இருக்கணும். நம்மள மாதிரி வாடகை வீட்டுல இருக்கிறவங்களுக்கு கரன்ட் பில் ஓனர் பேர்ல வரும், நான் கொண்டு போன போன் பில் நாலு மாசம் பழசு, திருப்பி அனுப்பிட்டாங்க. லீஸ் அக்ரிமென்ட், ஓனர்கிட்ட கையெழுத்து வாங்கின ஒரு அஃபிடவிட், ஓனர் பேர்ல உள்ள பில், மூணும் ஒரே ஃபைல்ல வெச்சுக்கிட்டா எங்க கேட்டாலும் குடுத்துடலாம். அஃபிடவிட்ட போலீஸ் ஸ்டேஷன்ல கமிஷனர் ஆஃப் ஓத்ஸ் முன்னாடி கையெழுத்து போட்டு சீல் வாங்கலாம், காசு கிடையாது.

நம்பர் கைக்கு வர எனக்கு ஆறு வாரம் ஆச்சு. சிலருக்கு சீக்கிரம் வந்துடுது. எப்படியோ ரெண்டு மாசம் ஒதுக்கி வெச்சுக்கிட்டு, அது வர்ற வரைக்கும் யாருக்கும் அட்வான்ஸ் குடுக்காதீங்க.

டிரைவிங் லைசென்ஸ் பத்தியும் இங்கேயே சொல்லிடுறேன். டெம்பரரி வீசால இருக்கிற வரைக்கும் நம்ம ஊர் லைசென்ஸ் இங்க செல்லும், ஆனா அது இங்கிலீஷ்ல இருக்கணும், போட்டோவும் கையெழுத்தும் இருக்கணும், காலாவதி ஆகியிருக்கக் கூடாது. ஊர்ல பழைய புத்தக லைசென்ஸ் வெச்சிருக்கிறவங்க கிளம்புறதுக்கு முன்னாடியே கார்டா மாத்திட்டு வாங்க. பெர்மனன்ட் ரெசிடென்ஸ் கிடைச்சவங்க இங்கத்திய லைசென்ஸா மாத்திக்கணும்.

2. மூணு கதவா, அஞ்சு கதவா

இப்ப உள்ள ஜிம்னி 2018ல புதுசா வடிவமைச்சு வந்தது, அந்த வருஷக் கடைசியில தென்னாப்பிரிக்காவுக்கும் வந்துருச்சு. பாக்க பொம்மை மாதிரி இருந்தாலும் அடியில இருக்கிறது முழுக்க ஜீப் சமாச்சாரம். லேடர் ஃபிரேம், அதாவது ஏணி மாதிரி இரும்பு சட்டம், அதுமேல பாடி உக்காந்திருக்கும். முன்னாடியும் பின்னாடியும் ரிஜிட் ஆக்சில், அதாவது இடது வலது சக்கரத்த ஒரே தண்டு சேக்கும், காயில் ஸ்பிரிங். தரைக்கும் வண்டி அடிப்பாகத்துக்கும் நடுவுல 210 மில்லிமீட்டர். முந்தின மாடல்ல ஃபோர் வீல் போடுறதுக்கு பட்டன் இருந்துச்சு, இதுல மறுபடியும் கம்பி மாதிரி லீவர் குடுத்திருக்காங்க, கியர் லீவருக்கு பக்கத்துலயே சின்னதா நிக்கும். எனக்கு இது ரொம்ப புடிச்ச மாற்றம், ஏன்னா போட்டது விழுந்துச்சா இல்லையான்னு கையிலயே தெரியும்.

ஒரு சக்கரம் அந்தரத்துல சுத்துச்சுன்னா அந்த சக்கரத்த மட்டும் பிரேக் புடிச்சு, எதிர்ப்பக்க சக்கரத்துக்கு இழுவைய தள்ளி விடுற எலக்ட்ரானிக் வேலையும் இதுல இருக்கு. குறுக்கால குழி விழுந்த மண் ரோட்டுல வண்டி நின்னுடும்னு நாம நினைக்கிறப்ப கடகடன்னு ஒரு சத்தம் வரும், ரெண்டு செகண்ட்ல வண்டி நகரும். அந்தச் சத்தம் கேட்டு பயந்து கால எடுத்துடாதீங்க, அப்படியே லேசா ஆக்சிலேட்டர்ல வெச்சிருங்க.

இஞ்சின் ரெண்டுக்கும் ஒண்ணுதான், 1.5 லிட்டர் பெட்ரோல், 75 கிலோவாட், 130 நியூட்டன் மீட்டர். டர்போ கிடையாது. அஞ்சு கியர் மேனுவல், இல்லன்னா நாலு கியர் ஆட்டோமேட்டிக்.

அஞ்சு கதவு மாடல் 2023 ஜனவரியில இந்தியாவுல ஆட்டோ எக்ஸ்போல காட்டினது, ஹரியானால குருகிராம் ஃபேக்டரியில செய்றாங்க, இங்க 2023 நவம்பர்ல வந்துச்சு. வீல்பேஸ் 2250 மில்லிமீட்டர்லேர்ந்து 2590 ஆயிடுச்சு. இந்த 340 மில்லிமீட்டர்லதான் மொத்த வித்தியாசமும் இருக்கு. மூணு கதவுல பின் சீட்ட மடக்காம டிக்கியில 85 லிட்டர் இடம், அதாவது ரெண்டு செக்கர்ஸ் சூப்பர்மார்க்கெட் பை வெச்சா முடிஞ்சு போச்சு. அஞ்சு கதவுல 211 லிட்டர். குழந்தை தள்ளுவண்டி மடக்கி வெக்கலாம், நான் மாத்தினதுக்கு காரணமே அதுதான்.

ஆனா நீளம் கூடினதுக்கு ஒரு விலை இருக்கு. நடு வயிறு மேட்டுல தட்டாம ஏறி இறங்குற கோணம் மூணு கதவுக்கு 28 டிகிரி, அஞ்சு கதவுக்கு 24. வண்டி திரும்ப மூணு கதவுக்கு 4.9 மீட்டர் ஆரம் போதும், அஞ்சு கதவுக்கு 5.7 வேணும். எடையும் கிட்டத்தட்ட 100 கிலோ கூட, இஞ்சின் அதேதான். தனியா, இல்லன்னா ரெண்டு பேரா மலை ஏறுறவங்களுக்கு மூணு கதவுதான் என் ஓட்டு. குடும்பம்னா யோசிக்காம அஞ்சு கதவு.

இன்னொன்னு நல்லா கவனிங்க, அஞ்சு கதவு இருந்தாலும் ரெண்டுமே நாலு சீட்டுதான். ஊர்லேர்ந்து அம்மா அப்பா வந்தா, ரெண்டு குழந்தையும் இருந்தா, ஒரே வண்டியில போக முடியாது. என் கூட வேலை பாக்குற ஒருத்தர் இது தெரியாம புக்கிங் பண்ணிட்டு டெலிவரி அன்னிக்குத்தான் பின்னாடி ரெண்டு பெல்ட் மட்டும் இருக்கிறத பாத்தாரு.

பாதுகாப்பு முக்கியம்னு நினைக்கிறவங்களுக்கு: 2018ல யூரோ என்கேப் மோதல் டெஸ்ட்ல இது வாங்கினது மூணு ஸ்டார். நீங்க பாக்குற மாடல்ல எத்தனை ஏர்பேக்னு பிரோஷர்ல பாத்துட்டு முடிவு பண்ணுங்க, ட்ரிம்முக்கு ட்ரிம் வித்தியாசம் இருக்கு.

மேனுவலா ஆட்டோவான்னு கேட்டா நான் மேனுவல்தான் சொல்வேன். டர்பன்லேர்ந்து மேல போற எந்த ரோடும் ஏத்தம்தான், ஃபீல்ட்ஸ் ஹில் ஏறுறப்பவே இஞ்சின் மூச்சு வாங்குறது தெரியும், நாலு கியர் ஆட்டோ அங்க கியர மாத்தி மாத்தி திணறும். டிராஃபிக்ல மட்டும் ஓட்டப் போறீங்கன்னா ஆட்டோ எடுங்க, தப்பில்ல. என்3 ஹைவேல 120ல பறக்கணும்னு ஆசை இருந்தா ஜிம்னியே வேணாம், வேற வண்டி பாருங்க.

3. காசு கணக்கு: வீசா முடியுற தேதிதான் உங்க இஎம்ஐய முடிவு பண்ணும்

அஞ்சு கதவு வந்தப்ப நாலு லட்சத்து சொச்சம் ராண்ட்ல ஆரம்பிச்சுது. விலை அடிக்கடி மாறுது, ஷோரூம்ல கேட்டுக்குங்க. நான் சொல்ல வர்றது லோன் பத்தி.

பேங்க்ல கேப்பாங்க: பாஸ்போர்ட், வொர்க் வீசா, மூணு மாச சம்பள ஸ்லிப், மூணு மாச பேங்க் ஸ்டேட்மென்ட், அட்ரஸ் ப்ரூஃப், கம்பெனி லெட்டர். இங்க ஊர்க்காரங்களுக்கு பொதுவா 72 மாசம் வரைக்கும் லோன் குடுப்பாங்க, ஆனா நம்மள மாதிரி வீசாவுல இருக்கிறவங்களுக்கு பெரும்பாலும் வீசா முடியுற தேதிக்குள்ள லோனும் முடியணும்னு சொல்வாங்க. அது இஎம்ஐய எவ்வளவு மாத்தும்னு பாருங்க: 4 லட்சம் ராண்ட், வட்டி 12 சதவீதம்னு வெச்சுக்குவோம். 72 மாசம்னா மாசம் 7,820 ராண்ட் கிட்ட வரும். அதையே 48 மாசத்துல கட்டணும்னா 10,530. விளம்பரத்துல பெரிய எழுத்துல போட்டிருக்கிற மாசத் தவணைய பாத்து பட்ஜெட் போட்டுட்டுப் போனா இந்த 2,700 ராண்ட் வித்தியாசத்துல கவுந்துடுவோம். வீசா ரினியூ ஆகப் போகுதுன்னா, ஆன பிறகு லோனுக்குப் போங்க.

விளம்பரத்துல தவணை ரொம்ப குறைச்சலா இருந்துச்சுன்னா கீழ சின்ன எழுத்துல பலூன்னு ஒரு வார்த்தை இருக்கும், தேடிப் பாருங்க. 30 சதவீதம் பலூன்னா, 4 லட்சத்துல 1 லட்சத்து 20 ஆயிரத்த கடைசி மாசம் மொத்தமா கட்டணும். எப்ப ஊருக்குத் திரும்புவோம்னு தெரியாத நமக்கு இது வேணவே வேணாம்.

லோனுக்கு ஆரம்பக் கட்டணம்னு வரியோட 1,207 ராண்ட் 50 சென்ட் வரைக்கும், அப்புறம் மாசாமாசம் சர்வீஸ் ஃபீ 69 ராண்ட் வரைக்கும் போடலாம்னு சட்டம் இருக்கு. அதுக்கு மேல போட்டிருந்தா கேளுங்க. ஷோரூம்காரங்க "ஆன் தி ரோட்"னு ஒரு தொகை தனியா சேப்பாங்க, அதுக்குள்ள ரெஜிஸ்ட்ரேஷன், நம்பர் பிளேட், பெட்ரோல், பாலிஷ்னு என்னென்னவோ இருக்கும். எனக்கு முதல்ல காட்டினது 6,900, ஒவ்வொரு வரியா என்னன்னு கேட்டு வேண்டாதத எடுக்கச் சொன்னதும் 4,200க்கு வந்துச்சு. சங்கடப்படாம கேளுங்க, அவங்களும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

ஆஃபர் டு பர்ச்சேஸ்ல, அதாவது வண்டி வாங்குற ஒப்பந்தத்துல, கையெழுத்து போடுறப்ப "லோன் அப்ரூவ் ஆனா மட்டும்"ங்கற வரி அதுல இருக்கான்னு பாருங்க. இல்லன்னா எழுதச் சொல்லிட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க.

4. பழைய வண்டின்னா படுத்துப் பாருங்க

ஜிம்னி பழசுல வாங்குறப்ப மேல பாத்து ஒண்ணும் தெரியாது, அடியில பாக்கணும். அதுவும் டர்பன், பாலிட்டோ, சவுத் கோஸ்ட் வண்டின்னா உப்புக் காத்து அடியில புகுந்து இரும்ப தின்னுடும். ஓனருங்க மேல மட்டும் கழுவி பளபளன்னு வெச்சிருப்பாங்க.

எனக்கு வெருலம்ல ஒரு மெக்கானிக் அண்ணா கிடைச்சாரு. அவங்க கொள்ளுத்தாத்தா காலத்துல கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம், தமிழ் அவ்வளவா வராது, ஆனா என்னை "தம்பி"ன்னுதான் கூப்பிடுவாரு. ஒரு அட்டைப் பெட்டிய பிரிச்சு தரையில போட்டு, டார்ச்ச வாயில கடிச்சுக்கிட்டு வண்டிக்கு அடியில போய், ஸ்குரூடிரைவர் கைப்பிடியால அந்த இரும்பு சட்டத்த முன்னாடிலேர்ந்து பின்னாடி வரைக்கும் விரலளவு விரலளவா தட்டிட்டே போனாரு. நல்ல இரும்பு "டிங்"னு மணி மாதிரி கேக்குது, துரு புடிச்ச இடம் "டப்"னு செத்த சத்தம். பின் சக்கரத்துக்கு மேல ஒரு இடத்துல டப்புனு கேட்டுச்சு, சுரண்டினாரு, பெயின்ட்டோட பொறுக்கு உதிர்ந்துச்சு. அந்த வண்டிய விட்டுட்டு வேற பாத்தோம். அன்னிக்கு அவர் வாங்கினது 400 ராண்ட்.

இன்னும் பாக்க வேண்டியது:

முன் சக்கரத்த ஜாக் போட்டு தூக்கி, மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டிப் பாருங்க, லொடலொடன்னு ஆடுச்சுன்னா, முன் சக்கரம் திரும்புற மூட்டுல இருக்கிற கிங்பின் பேரிங் போயிருக்கும். அது போனா 70, 80ல போறப்ப ஸ்டியரிங் திடீர்னு உதற ஆரம்பிக்கும், ரிஜிட் ஆக்சில் வண்டிக்கு வர்ற வியாதி இது. டெஸ்ட் டிரைவ்ல கட்டாயம் அந்த வேகம் வரைக்கும் ஓட்டுங்க, பக்கத்துத் தெருவ ஒரு சுத்து சுத்திட்டு வந்துடாதீங்க.

லீவர 4ஹெச் (நாலு சக்கர இழுவை), 4எல் (அதே நாலு சக்கரம், மெதுவா கூடுதல் இழுவையோட) ரெண்டுலயும் போட்டு மண் தரையில நகத்திப் பாருங்க. ஊருக்குள்ளயே ஓடின வண்டியில வருஷக்கணக்கா லீவர தொட்டே இருக்க மாட்டாங்க, இறுகியிருக்கும்.

கார்ப்பெட்ட தூக்கிப் பாருங்க, பொடி மணலோ சேத்துக் கோடோ இருந்தா ஆத்துல இறங்கின வண்டி.

உயர்த்தின சஸ்பென்ஷன், பெரிய டயர், கூரை ரேக்னு மாத்தியிருந்தா அதுக்கெல்லாம் பில் கேளுங்க. வாரண்டிலயும் இன்சூரன்ஸ்லயும் அதுவே சிக்கலாகும். கண்ணாடி டின்ட்டும் அப்படித்தான், பக்கக் கண்ணாடியில 35 சதவீத வெளிச்சமாவது உள்ள வரணும், இல்லன்னா ரோட்வர்த்தில, அதாவது வண்டி ரோட்டுல ஓடத் தகுதியானதான்னு பாக்குற டெஸ்ட்ல, நிறுத்திடுவாங்க.

ரெஜிஸ்ட்ரேஷன் சர்ட்டிஃபிகேட்ல ஓனர், டைட்டில் ஹோல்டர்னு ரெண்டு இடம் இருக்கும். டைட்டில் ஹோல்டர் இடத்துல பேங்க் பேர் இருந்தா அந்த வண்டி மேல இன்னும் கடன் இருக்குன்னு அர்த்தம். கடன் அடைஞ்சு பேப்பர் மாறுற வரைக்கும் விக்கிறவர் கையில காசு குடுக்காதீங்க, எவ்வளவு நல்ல மனுஷனா இருந்தாலும் சரி.

5. பேர் மாத்துறது: 21 நாள், 60 நாள்

விக்கிறவர் என்சிஓ ஃபார்ம் (வண்டி கை மாறுச்சுன்னு சொல்றது) நிரப்பி லைசென்சிங் ஆபீஸ்ல குடுக்கணும், வாங்குற நீங்க ஆர்எல்வி ஃபார்ம் (உங்க பேர்ல ரெஜிஸ்டர் பண்ணக் கேக்குறது). உங்க ஃபார்மோட ஒரிஜினல் ரெஜிஸ்ட்ரேஷன் சர்ட்டிஃபிகேட், ரோட்வர்த்தி சர்ட்டிஃபிகேட், டிஆர்என் சர்ட்டிஃபிகேட், பாஸ்போர்ட், அட்ரஸ் ப்ரூஃப். என்சிஓ காப்பி ஒண்ணு உங்ககிட்டயும் இருக்கட்டும்.

கை மாறின 21 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்தணும், தாண்டினா அபராதம். ரோட்வர்த்தி சர்ட்டிஃபிகேட் குடுத்த தேதிலேர்ந்து 60 நாள்தான் செல்லும். நான் டிஆர்என் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே காசு குடுத்து, ரோட்வர்த்தியும் எடுத்து வெச்சுட்டேன். நம்பர் வந்து, விக்கிறவர் ஊர்லேர்ந்து திரும்பி வந்து கையெழுத்து போடுறதுக்குள்ள 60 நாள் ஓடிப்போச்சு, ரோட்வர்த்தி மறுபடி எடுத்தேன், அபராதமும் கட்டினேன். அதுவரைக்கும் வண்டி வேற ஒருத்தர் பேர்ல, என் வாசல்ல நின்னுச்சு. இன்சூரன்ஸும் எடுக்க முடியல. அதனாலதான் முதல் படிய அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

ரோட்வர்த்தி யார் எடுக்கணும், ஃபெயில் ஆனா ரிப்பேர் காசு யாரோடதுன்னு முன்னாடியே வாட்ஸாப்ல எழுத்துல பேசிக்குங்க.

புது வண்டின்னா இதெல்லாம் ஷோரூம்லயே பண்ணிடுவாங்க, உங்க டிஆர்என் மட்டும் குடுத்தா போதும். வருஷா வருஷம் வண்டியோட லைசென்ஸ் டிஸ்க் (முன் கண்ணாடியில ஒட்டுற வில்லை) ரினியூ பண்ணணும், வண்டி எடைய வெச்சு ஃபீஸ், தேதி முடிஞ்சு 21 நாள் சலுகை இருக்கு. ஜிம்னி எடை கம்மிங்கறதால ஃபார்ச்சூனர் மாதிரி பெரிய வண்டிங்கள விட இதுல மிச்சம்.

6. இன்சூரன்ஸ்

நம்ம ஊர் மாதிரி தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம்னு இங்க சட்டம் கிடையாது. பெட்ரோல் விலையிலயே ஒரு பங்க எடுத்து ரோட் ஆக்சிடென்ட் ஃபண்டுக்கு போடுறாங்க, அது ஆளுக்கு அடிபட்டா மட்டும்தான், வண்டிக்கு கிடையாது. அதாவது எதிர்ல வந்து இடிக்கிறவர்கிட்ட இன்சூரன்ஸ் இல்லாமலே இருக்கலாம். அதனால லோன் இல்லாட்டியும் காம்ப்ரிஹென்சிவ் எடுங்க. லோன்னா அந்தப் பேப்பர காட்டாம வண்டிய வெளிய விட மாட்டாங்க, டெலிவரிக்கு ரெண்டு நாள் முன்னாடியே எடுத்து வெச்சுடுங்க.

போன்ல பேசுறப்ப மூணு விஷயம் கேளுங்க, பதில மெயில்ல வாங்குங்க. இந்திய லைசென்ஸ்ல ஓட்டினா க்ளெய்ம் தருவீங்களா. மண் ரோடு, மலைப்பாதையில ஆனா கவர் உண்டா, இழுத்துட்டு வர்ற செலவு உண்டா. லெசோத்தோக்குள்ள போனா கவர் உண்டா. ராத்திரி வண்டி எங்க நிக்குது, யார் அதிகமா ஓட்டுறது, இதுல பொய் சொல்லாதீங்க, ப்ரீமியத்துல நூறு ராண்ட் குறையும்னு சொன்ன பொய் க்ளெய்ம் அன்னிக்கு மொத்தத்தையும் கவுத்துடும். வீட்டுக்காரம்மாவும் ஓட்டுவாங்கன்னா அவங்க பேரையும் சேருங்க. எக்சஸ், அதாவது க்ளெய்ம்ல நம்ம கையிலேர்ந்து போடுற தொகை, எவ்வளவுன்னு பாக்காம ப்ரீமியத்த மட்டும் பாத்து எடுக்காதீங்க. டிராக்கர் கேப்பாங்க, எனக்கு மாசம் 190 ராண்ட் ஆகுது. ஜன்னலுக்கு ஸ்மாஷ் அண்ட் கிராப் ஃபிலிம் ஒட்டிடுங்க, ரோபாட்ல (இங்க சிக்னலுக்கு அதுதான் பேர்) நிக்கிறப்ப பை பறிக்கிறது இங்க சாதாரணமா நடக்குது.

7. டெலிவரி அன்னிக்கு

பகல்ல போங்க. ஸ்டெப்னி கழட்டுற லாக் நட் சாவி, ஜாக், இழுக்குற கொக்கி எங்க இருக்குன்னு கைய வெச்சு காட்டச் சொல்லுங்க. ஸ்டெப்னி பின் கதவுல தொங்குது, முழு சைஸ், நல்ல விஷயம். லீவர 4எல் வரைக்கும் நீங்களே போட்டுப் பாத்துட்டுத்தான் கையெழுத்து போடணும். சர்வீஸ் பிளான் எத்தனை வருஷம் எத்தனை கிலோமீட்டர்னு எழுத்துல வாங்கிக்குங்க.

நாங்க அங்கேர்ந்து நேரா மவுன்ட் எட்ஜ்கூம் கோயிலுக்குப் போய் பூஜை போட்டோம். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம், குருக்கள் பின்னாடி சுத்தி வந்து ஸ்டெப்னிக்கும் ஒரு குங்குமப் பொட்டு வெச்சாரு. வார நாள்ல காலையில போனா கூட்டம் இருக்காது.

8. 2ஹெச், 4ஹெச், 4எல்

தார் ரோட்டுல எப்பவும் 2ஹெச், அதாவது பின் சக்கர இழுவை மட்டும். மழை பெஞ்சாலும் 2ஹெச்தான். முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற நடு டிஃபரன்ஷியல் ஜிம்னியில கிடையாது, 4ஹெச் போட்டா முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்துல பூட்டிக்கும். வளைவுல முன் சக்கரம் கூட தூரம் போகணும், மண்ணுல அது சறுக்கி சரி பண்ணிக்கும், தார்ல சறுக்க முடியாது, அந்த முறுக்கெல்லாம் கியர் பாக்ஸுக்குள்ள ஏறும். நான் ஒருநாள் மண் ரோட்டுலேர்ந்து வந்து மாத்த மறந்து மால் பார்க்கிங்ல ஸ்டியரிங்க ஒடிச்சேன், வண்டி யாரோ பின்னாடிலேர்ந்து புடிச்சு இழுக்குற மாதிரி குக்குக்குன்னு தத்துச்சு. அப்படி தத்துச்சுன்னா உடனே நிறுத்தி 2ஹெச்ல போட்டு, நேரா கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க, விட்டுடும்.

2ஹெச்லேர்ந்து 4ஹெச்சுக்கு ஓடிக்கிட்டே மாத்தலாம், சக்கரம் நேரா இருக்கணும், 100 கிலோமீட்டர் வேகத்துக்கு கீழ இருக்கணும். 4எல்லுக்கு முழுசா நிறுத்தி, கிளட்ச்ச முழுசா மிதிச்சு, ஆட்டோன்னா நியூட்ரல்ல போட்டு மாத்தணும். செங்குத்து ஏத்தம், இறக்கம், பாறை, இதுக்கு மட்டும்தான் 4எல்.

9. சானி பாஸ்: மலைக்கு முன்னாடி பேப்பர்

ஜிம்னி வாங்கின எல்லாருக்கும் முதல் ஆசை இதுதான். டர்பன்லேர்ந்து ஹோவிக், அங்க என்3ய விட்டு ஆர்617, புல்வர் வழியா அண்டர்பர்க், ஹிம்வில், அப்புறம் பாஸ். உச்சி 2,876 மீட்டர். அதிகாலையில கிளம்பினா போயிட்டு வந்துடலாம், ஆனா அண்டர்பர்க்ல ஒரு ராத்திரி தங்கிப் போறதுதான் நல்லது.

தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடி மலைக்கு கீழயே இருக்கு, லெசோத்தோ சாவடி உச்சியில. மேல போய் ஒரு காபி குடிச்சுட்டு வர்றதுன்னாலும் இந்த நாட்ட விட்டு வெளிய போற சீல் குத்திட்டுத்தான் ஏறணும். காலைல 6 மணிலேர்ந்து சாயங்காலம் 6 வரைக்கும். ஃபோர் பை ஃபோர் இல்லாத வண்டிய ஏற விட மாட்டாங்க.

கையில இருக்க வேண்டியது: எல்லாரோட பாஸ்போர்ட், குழந்தையோடதும். திரும்ப உள்ள வர மல்டிபிள் என்ட்ரி வீசா. லெசோத்தோக்கு வீசா வேணுமான்னு கிளம்புறதுக்கு மூணு வாரம் முன்னாடியே பாத்துடுங்க. வீசா ரினியூவலுக்கு போட்டுட்டு ரசீது மட்டும் கையில இருந்தா இந்தப் பயணம் இப்ப வேணாம், திரும்பி உள்ள வர்றப்ப மாட்டுவீங்க. ரெஜிஸ்ட்ரேஷன் சர்ட்டிஃபிகேட் காப்பி. லோன் வண்டின்னா, இந்த வண்டிய நாட்டுக்கு வெளிய கொண்டு போக சம்மதம்னு பேங்க் குடுக்கிற லெட்டர், உங்க பேர், வண்டி நம்பர், போற தேதி எல்லாம் போட்டது. ஏன்னா பேப்பர்படி டைட்டில் ஹோல்டர் பேங்க்தான். லெசோத்தோ கவர் உண்டுன்னு இன்சூரன்ஸ் மெயில்.

2024ல அண்டர்பர்க்ல ராத்திரி சாப்பிட்டு முடிச்சு, மறுநாளைக்கு பேப்பரெல்லாம் மேஜையில அடுக்குறப்பதான் என் வீட்டுக்காரம்மா "பேங்க் லெட்டர் எங்க"ன்னு கேட்டாங்க. அப்படி ஒண்ணு வேணும்னே எனக்குத் தோணல, முதல் ஜிம்னி ரொக்கத்துல வாங்கினது, அதுக்குத் தேவைப்படல. சனிக்கிழமை ராத்திரி எந்த பேங்க்ல கேக்குறது. மறுநாள் மலைய தூரத்துலேர்ந்து பாத்துட்டு திரும்பி வந்தோம், பொண்ணுக்கு ஸ்வெட்டரெல்லாம் வாங்கி வெச்சிருந்தோம். ஒரு வாரம் முன்னாடி மெயில் போட்டா குடுத்துடுவாங்க, அடுத்த தடவை எனக்கு ரெண்டே நாள்ல வந்துச்சு.

ஏறுறப்ப: கீழ மண் ரோட்டுல 4ஹெச், கொண்டை ஊசி ஆரம்பிக்கிற இடத்துக்கு முன்னாடியே நிறுத்தி 4எல். பாதி ஏத்தத்துல நின்னு மாத்த நினைக்காதீங்க. டர்போ இல்லாத இஞ்சினுக்கு ஆயிரம் மீட்டர் ஏற ஏற பத்து சதவீதம் கிட்ட சக்தி குறையும், உச்சியில கால்வாசிக்கு மேல போயிடும், அதனால டர்பன்ல ரெண்டாவது கியர்ல ஏறுற ஏத்தத்துக்கு அங்க முதல் கியர் கேக்கும். வண்டில கோளாறுன்னு நினைச்சுக்காதீங்க. மேல ஏறுற வண்டிக்கு வழி விடணும். ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் மேல் வளைவுங்கள்ல ஐஸ் இருக்கும், முதல் தடவை போறவங்க அந்த மாசங்கள விட்டுடுங்க. கோடையில மத்தியானத்துக்கு மேல இடி மழை வரும், காலையில 6 மணிக்கே கேட்ல நில்லுங்க.

பெட்ரோல் டேங்க் 40 லிட்டர்தான். அண்டர்பர்க்ல ரொப்பிடுங்க.

10. மணல்

கடற்கரை மணல்ல வண்டி ஓட்டுறது இந்த நாட்டுல சட்டப்படி தப்பு. புது ஃபோர் பை ஃபோர் வாங்கினவுடனே நம்ம பசங்க பீச்ல இறக்கி வீடியோ எடுக்கப் பாக்குறாங்க, அபராதம் போடுவாங்க, வீசால இருக்கிறவங்களுக்கு கேஸ் எதுவும் வேணாம். மணல்ல ஓட்டணும்னு ஆசைன்னா வடக்க கோசி பே முகத்துவாரத்துக்கு போற மணல் பாதை இருக்கு, ஃபோர் பை ஃபோர் மட்டும்தான், ஒரு நாளைக்கு இத்தனை வண்டின்னு கணக்கு வெச்சு பெர்மிட் தருவாங்க, முன்கூட்டியே வாங்கணும். டயர் காத்த 1 பார் கிட்ட இறக்குங்க, 4ஹெச்ல ஒரே சீரா போங்க, நடுவுல பிரேக் அடிக்காதீங்க. ஒரு சின்ன கம்ப்ரசரும் காத்து மீட்டரும் 800 ராண்ட்ல வாங்கினேன், இன்னி வரைக்கும் உழைக்குது.

தார் ரோட்டுக்கு வந்ததும் முதல் வேலையா காத்த திரும்ப ஏத்துங்க. கதவு ஓரத்துல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல எவ்வளவுன்னு இருக்கும். லீவர் 2ஹெச்ல இருக்கான்னு பாத்துட்டு கிளம்புங்க. வீட்டுக்கு வந்த அன்னிக்கே அடியில நல்ல தண்ணி பீச்சிக் கழுவுங்க, மறுநாள்னு தள்ளிப் போடாதீங்க, அந்த "டப்" சத்தம் அங்கேர்ந்துதான் ஆரம்பிக்குது.